வீட்டுக்குள்ளே ஓர் அணை!

நாளிதழில் 'அணை நிலவரம்' என்று ஒரு சின்னக் கட்டம் வருமே, பார்த்திருக்கிறீர்களா? நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இவ்வளவு, நீர் திறப்பு இவ்வளவு என்று வரிசையாகப் போட்டிருப்பார்கள். அப்பாவும் தாத்தாவும் அதை ஆர்வமாகப் படிப்பார்கள். நாமோ, 'இதிலே என்ன இருக்கு?' என்று அடுத்த பக்கத்துக்குத் தாவிவிடுவோம்.

இந்த வாரம் அந்தக் கட்டத்தை வைத்தே ஒரு பாடம் படிக்கலாம், வாங்க. அதற்கு நாம் போகப்போகும் ஊர் அய்யம்பாளையம்.

திண்டுக்கல் மாவட்டத்தில், பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். எந்தப் பக்கம் திரும்பினாலும் தென்னந்தோப்பு. வானத்தைத் தொடுவதுபோல வளரும் நெட்டை ரகத் தென்னைக்குப் பேர் போன ஊர் இது. பக்கத்திலேயே 74 அடி உயரமுள்ள மருதாநதி அணை. மலைக்கு மேலே தாண்டிக்குடி, பண்ணைக்காடு பகுதிகளில் பெய்கிற மழை, ஓடையாகி, ஆறாகி இந்த அணைக்கு வந்து சேர்கிறது.

மழை ஆண்டு முழுவதும் பெய்யாது. ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும். பங்குனி, சித்திரையில் ஏமாற்றும். ஆனால் பயிருக்கோ எல்லா மாதமும் தாகம் எடுக்கும். அதனால்தான் வரும்போது தேக்கி, வேண்டும்போது அளந்து திறந்துவிடுகிறார்கள்.

வீட்டுப் பணமும் அப்படித்தான், குட்டீஸ்! வருகிற நாள் வேறு. செலவாகிற நாள் வேறு. இரண்டையும் இணைக்க வீட்டுக்குள்ளேயும் ஓர் அணை வேண்டும். அதற்குப் பெயர்தான் குடும்ப பட்ஜெட்.

நாலு விதமான வருமானம்

'பட்ஜெட் என்றால் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் போடுவது' என்று பலர் நினைக்கிறார்கள். இந்த வட்டாரத்தையே சுற்றிப் பாருங்கள்; வருமானம் எத்தனை விதமாக வருகிறது என்று தெரியும்.

நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை போடுகிற விவசாயி, பூ பூக்கும் பருவத்தில் அதிகாலையிலேயே பறித்துச் சந்தைக்குக் கொண்டுபோய்விடுவார். அவருக்குத் தினமும் காசு. இன்றைய விலை நாளை இருக்காது. முகூர்த்த நாளென்றால் ஏறும், மறுநாளே சரியும்.

அய்யம்பாளையம் தென்னை விவசாயிக்கு 45 நாள் முதல் 60 நாளுக்கு ஒரு முறை காய் வெட்டு. அன்றைக்குக் கை நிறையப் பணம். அதன்பிறகு அடுத்த வெட்டு வரை காத்திருக்க வேண்டும். பாளை விரிந்து, குரும்பையாகி, முற்றிய தேங்காயாக ஏறக்குறைய 12 மாதம் ஆகும். அதாவது, இன்று கையில் வருகிற பணம், போன வருடத் தண்ணீர்!

மலைக்கு மேலே தாண்டிக்குடியில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவருக்கு அறுவடை ஆண்டுக்கு ஒரு பருவம்தான். அந்தப் பணத்தை அடுத்த அறுவடை வரை ஓட்ட வேண்டும்.

பள்ளிக்கூட டீச்சருக்கு மாதக் கடைசியில் சம்பளம்.

ஆனால் இந்த நாலு வீட்டிலும் பால் பாக்கெட் தினமும் வாங்க வேண்டும். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. நோட்டு, பை, சீருடைச் செலவெல்லாம் ஜூன் மாதம். பூ விற்கிறவருக்கும் காப்பி விற்கிறவருக்கும் பள்ளிக்கூடம் ஒரே நாளில்தானே திறக்கிறது? வரவின் தாளம் வேறு, செலவின் தாளம் வேறு என்பது இப்போது புரிகிறதா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்

கணக்குப் புரிவதற்காக நாமே ஒரு வீட்டைக் கற்பனையாகக் கட்டிக்கொள்வோம். அப்பா, அம்மா, அப்பத்தா, ஒன்பதாம் வகுப்பு அக்கா, ஆறாம் வகுப்புத் தம்பி. அய்யம்பாளையத்தில் ஓர் ஏக்கர் தென்னந்தோப்பு, 70 மரங்கள். அப்பா தேங்காய் மண்டியில் காய் உரிக்கும் வேலைக்கும் போகிறார். அம்மா தையல் மிஷின் மிதிக்கிறார்.

தம்பிக்கு மனசுக்குள் ஒரு வருத்தம். பள்ளியில் கொடைக்கானல் சுற்றுலா. ஆளுக்கு 800 ரூபாய். தினமும் மலையைப் பார்த்தே வளர்கிற பையன். ஒரு தடவைகூட மேலே போனதில்லை. வீட்டில் கேட்டபோது அப்பா, "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். 'அப்பாவுக்கு என் மேலே பாசமே இல்லை' என்று தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

அதைப் பார்த்த அம்மாதான் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எல்லாரையும் திண்ணையில் உட்கார வைத்தார். "நம்ம வீட்டுல எவ்வளவு வருது, எவ்வளவு போகுதுன்னு எல்லாரும் சேர்ந்து எழுதுவோம்" என்றார்.

அப்பா தயங்கினார். "சின்னப் பிள்ளைங்ககிட்டே போய் இதையெல்லாமா சொல்றது?"

அப்பத்தா சிரித்தார். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி யாரு எத்தனை ரூபா மொய் வச்சாங்கன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கோம். நம்ம வீட்டுக் கணக்கை எழுத மட்டும் நோட்டு இல்லையாக்கும்?"

சரியான கேள்விதானே? மதுரை, திண்டுக்கல் பக்கம் விசேஷ வீடுகளில் மொய் நோட்டு இல்லாமல் பந்தி நடக்காது. அடுத்தவருக்குத் திருப்பிச் செய்யவேண்டியதை ரூபாய் விடாமல் எழுதி வைக்கிற நாம், சொந்த வீட்டுச் செலவை மட்டும் மனக்கணக்காகவே விட்டுவிடுகிறோம்.

அக்கா ஒரு பழைய நோட்டை எடுத்துவந்து எழுத ஆரம்பித்தாள்.

வரவு (ஒரு மாதம்)

தோப்பில் இரண்டு மாதத்துக்கு ஒரு வெட்டு. சுமார் 1,000 காய். காய்க்கு 15 ரூபாய் என்றால் 15,000. வெட்டுக்கூலி, சுமைகூலி 3,000 போக 12,000. ஒரு மாதத்துக்குப் பிரித்தால் ரூ.6,000.
அப்பா கூலி: 20 நாள், நாளுக்கு 500. ரூ.10,000.
அம்மாவின் தையல்: ரூ.3,000.
மொத்தம்: ரூ.19,000.

செலவு (ஒரு மாதம்)

மளிகை, காய்கறி, பால்: ரூ.8,000
கேஸ், மின்சாரம், போன்: ரூ.1,800
பள்ளிச் செலவு: ரூ.1,500
அப்பத்தா மருந்து: ரூ.1,200
தோப்புக்கு உரம், பராமரிப்பு: ரூ.1,500
வண்டிக்குப் பெட்ரோல்: ரூ.1,500
விசேஷம், மொய்: ரூ.1,500
வட்டி: ரூ.500
மொத்தம்: ரூ.17,500.

மாயமான 1,500 ரூபாய்

அக்கா கழித்துப் பார்த்தாள். 19,000-த்தில் 17,500 போனால் மீதி 1,500. "அப்படின்னா மாசாமாசம் 1,500 ரூபாய் மிச்சம் இருக்கணுமே! எங்கே?" என்று கேட்டாள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிச்சம் இருந்ததே இல்லை!

கண்டுபிடிக்க ஒரு வழி செய்தார்கள். ஒரு மாதம் முழுக்க, யார் எதற்குச் செலவு செய்தாலும், ஒரு ரூபாய் ஆனாலும், ராத்திரி சாப்பாட்டுக்கு முன் நோட்டில் எழுதிவிட வேண்டும். யாரும் யாரையும் திட்டக்கூடாது. இதுதான் விதி.

மாதக் கடைசியில் திருடன் பிடிபட்டான்! டீயும் வடையும் 25 ரூபாய், தம்பியின் சிப்ஸ் பாக்கெட் 10, அக்காவின் பேனா, ஸ்டிக்கர், ஹேர்கிளிப் என்று 5, அவசரத்துக்குக் கடையில் வாங்கியது 10. கூட்டினால் ஒரு நாளைக்குச் சராசரியாக 50 ரூபாய். 50-ஐ 30 நாளால் பெருக்குங்கள். சரியாக 1,500!

தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே பெரிய செலவு இல்லை. ஒருவர் மட்டும் குற்றவாளியும் இல்லை. அணை உடைந்தால் எல்லாருக்கும் தெரியும். மதகில் கசிவு இருந்தால் யாருக்கும் தெரியாது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

அந்த 50 ரூபாயை முழுசாக நிறுத்தவில்லை. வேலைக்குப் போகிற அப்பாவுக்கு ஒரு டீ வேண்டாமா? பாதியாக்கினார்கள். சிப்ஸுக்குப் பதிலாக, தோப்புத் தேங்காயில் அப்பத்தா பர்பி செய்து டப்பாவில் போட்டுவைத்தார். மாதம் 750 ரூபாய் கைக்கு வந்தது.

'அஞ்சு வட்டி' என்றால் என்ன?

செலவுப் பட்டியலில் கடைசியாக ஒரு வரி இருந்ததே, 'வட்டி ரூ.500', அதைப் பார்த்ததும் தம்பி கேட்டான்: "அது என்னப்பா?"

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார். போன ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தபோது காய் வெட்டு தள்ளிப்போய்விட்டது. கையில் காசு இல்லை. வெளியே 10,000 ரூபாய் அஞ்சு வட்டிக்கு வாங்கியிருந்தார். "அதான் உன்னைச் சுற்றுலாவுக்கு அனுப்ப முடியலை, ராசா."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. அப்பாவின் மேல் இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை.

குட்டீஸ், கிராமத்தில் 'அஞ்சு வட்டி' என்றால் வருடத்துக்கு 5 சதவீதம் என்று நினைத்துவிடாதீர்கள். நூறு ரூபாய்க்கு மாதம் 5 ரூபாய் வட்டி! வருடத்துக்கு 60 சதவீதம். 10,000 ரூபாய்க்கு மாதம் 500. ஒரு வருடத்துக்கு 6,000. அவ்வளவு கட்டிய பிறகும் அசல் 10,000 அப்படியே நிற்கும். கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று இதைவிடக் கொடுமையானவையும் உண்டு. அதைத் தடுக்கத்தான் 2003-இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது.

இப்போது அம்மா ஒரு யோசனை சொன்னார். அவர் மகளிர் சுய உதவிக் குழுவில் உறுப்பினர். உறுப்பினர்கள் தவறாமல் சேமித்து, அந்தப் பணத்திலிருந்து தங்களுக்குள்ளேயே குறைந்த வட்டிக்குக் கடன் கொடுத்துக்கொள்வார்கள். வரவு, செலவு, கடன் எல்லாம் நோட்டில் எழுதி, கூட்டத்தில் எல்லார் முன்னாலும் வாசிக்கப்படும். தமிழ்நாட்டில் இந்தக் குழுக்கள் 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில், சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தொடங்கின. பிறகு மாநிலம் முழுக்கப் பரவின. பல அம்மாக்களுக்குக் கணக்கு எழுதவும், வங்கிப் படிவம் நிரப்பவும் கற்றுக்கொடுத்த பள்ளிக்கூடம் இந்தக் குழுக்கள்தான்.

குழுவில் 10,000 ரூபாய் ஒரு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 1 ரூபாய்க்கு, வாங்கி, வெளிக்கடனை அடைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 1,000 ரூபாய் அசல் கட்டினால் என்ன ஆகும்?

முதல் மாத வட்டி 100. அசல் 9,000 ஆகிவிடுவதால் அடுத்த மாதம் 90. அதற்கடுத்து 80. இப்படியே இறங்கிப் பத்தாம் மாதம் 10 ரூபாய். பத்து மாத வட்டியையும் கூட்டினால் 550 ரூபாய்தான். கடன் முடிந்தே போயிற்று!

பழைய கடனாக இருந்தால்? அதே பத்து மாதத்தில் வட்டி 5,000 ரூபாய். அசல் 10,000 இன்னும் பாக்கி.

மிச்சமான 750 ரூபாயோடு, பழைய வட்டிப் பணம் 500-ம் சேர்ந்து மாதம் 1,250 ஆகிறது. அதில் முதல் மாதம் 1,100 கடனுக்குப் போக, 150 ரூபாய் உண்டியலுக்கு. வட்டி குறையக் குறைய உண்டியலில் மாதம் 10 ரூபாய் கூடும். பத்தாம் மாதம் உண்டியலில் 1,950 ரூபாய்!

அப்பத்தாவின் மாத்திரை

இதோடு கதை முடிந்துவிடாது. தேங்காய் விலை எப்போதும் ஒரே மாதிரி இருக்காதே! 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தெரிந்த சுருள் வெள்ளை ஈ, பிறகு தமிழ்நாட்டின் பல தோப்புகளைப் பாதித்தது. 2025-இல் காய் வரத்துக் குறைந்து, தேங்காய் விலை வெகுவாக ஏறியது. ஏறிய விலை இறங்கவும் செய்யும்.

நம் கற்பனை வீட்டில் காய் விலை 15-லிருந்து 10 ஆகிவிட்டால்? ஒரு வெட்டுக்கு 10,000. கூலி 3,000 போக 7,000. மாதத்துக்கு 3,500. அதாவது வருமானத்தில் 2,500 ரூபாய் துண்டு விழும்.

இதைப் பேசியபோது அப்பத்தா மெதுவாகச் சொன்னார்: "என் மாத்திரையைப் பாதியாக் குறைச்சுக்கலாம்ப்பா. எனக்கு ஒண்ணும் ஆகாது."

அப்போதுதான் தெரிந்தது, போன தடவை பணம் தட்டுப்பாடு வந்தபோது யாருக்கும் சொல்லாமல் அவர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார் என்று! அம்மாவும், 'எனக்குப் பசியில்லை' என்று சில ராத்திரிகள் படுத்திருக்கிறார்.

குட்டீஸ், இதைக் கவனமாகப் படியுங்கள். கணக்கு மூடிக் கிடக்கிற வீட்டில், கஷ்டம் வந்தால் வாய் பேசாதவர்கள்தான் முதலில் குறைத்துக்கொள்வார்கள். கணக்கு திறந்திருக்கிற வீட்டில் அதைச் செய்ய முடியாது. எதைக் குறைப்பது என்று எல்லாரும் சேர்ந்து முடிவு செய்வார்கள்.

அக்கா நோட்டில் மூன்று கட்டம் போட்டாள். 'குறைக்கவே கூடாதது': சாப்பாடு, மருந்து, பள்ளி. 'கொஞ்சம் குறைக்கலாம்': பெட்ரோல், போன், டீக்கடை. 'காத்திருக்கலாம்': புதுத் துணி, புதுப் போன், சுற்றுலா. அப்பத்தாவின் மாத்திரை முதல் கட்டத்தில், முதல் வரியில் ஏறியது. மொய் நோட்டைப் புரட்டி, ஆவணியிலும் தையிலும் யார் யார் வீட்டில் விசேஷம் வரும் என்றும் முன்கூட்டியே குறித்துக்கொண்டார்கள். விலை நன்றாக இருக்கும் வெட்டில் ஒரு பங்கை எடுத்துவைப்பது என்றும் முடிவானது. மழைக்காலத்தில் நிரப்பினால்தானே கோடையில் திறக்க முடியும்?

லண்டனில் ஒரு மாணவர்

வீட்டுக் கணக்கு எழுதுவது சின்னவர்கள் வேலை என்று நினைக்காதீர்கள். 1888-இல் சட்டம் படிக்க லண்டன் போன ஓர் இளைஞர், பஸ் கட்டணம், தபால்தலை என ஒவ்வொரு காசையும் எழுதி, தினமும் படுக்கப்போகும் முன் கணக்கை நேர்செய்துவிட்டுத்தான் தூங்குவார். அந்தப் பழக்கம் கடைசிவரை தன்னோடு இருந்ததாகவும், பின்னாளில் பொதுமக்களின் லட்சக்கணக்கான பணத்தைக் கையாண்டபோது அதுவே கைகொடுத்ததாகவும் தன் சுயசரிதையில் எழுதினார். அவர்தான் காந்தித் தாத்தா!

நம் வள்ளுவரும் இதைச் சொல்லியிருக்கிறார். 'வலியறிதல்' அதிகாரத்தில், வருகிற வழி குறுகலாக இருந்தாலும் பரவாயில்லை, போகிற வழி அகலமாகாமல் இருந்தால் கெடுதல் இல்லை என்கிற கருத்தில் ஒரு குறள் உண்டு. தேடிக் கண்டுபிடித்து ஆசிரியரிடம் சொல்லுங்கள்.

அரசாங்கமும் வீடுகளின் செலவைக் கணக்கெடுக்கிறது. 2023-24-இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியக் கிராமங்களில் செலவாகும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் சுமார் 47 ரூபாய் சாப்பாட்டுக்கே போகிறது. நகரங்களில் சுமார் 40. உங்கள் வீட்டில் எவ்வளவு? கணக்குப் போட்டுப் பாருங்களேன்.

1924-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய சேமிப்பு வங்கிகளின் மாநாட்டில் பிறந்தது உலக சிக்கன நாள். நம் நாட்டில் அதை அக்டோபர் 30-இல் கொண்டாடுகிறோம். 10 வயது நிரம்பியிருந்தால், அஞ்சலகத்தில் உங்கள் பெயரில் நீங்களே கையெழுத்துப் போட்டுச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம், தெரியுமா?

நீங்களும் செய்யலாம்!

1. மாதத்தில் ஒரு நாள், அரை மணி நேரம், வீட்டில் எல்லாரும் உட்காருங்கள். டி.வி., போன் இரண்டுக்கும் லீவு.
2. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. கூட்டல் வேலை உங்களுடையது.
3. ஒரு மாதம் சில்லறைச் செலவையும் விடாமல் எழுதுங்கள்.
4. வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவை 12-ஆல் வகுத்து, மாதாமாதம் எடுத்துவையுங்கள்.
5. உங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் 'காத்திருக்கலாம்' கட்டத்தில் தேதியோடு எழுதுங்கள். ஒரு மாதம் கழித்தும் வேண்டும் என்று தோன்றினால் பேசுங்கள்.
6. வீட்டுக் கணக்கு வீட்டோடு இருக்கட்டும். நண்பன் வீட்டு வரவையும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. அப்பா, அம்மாவுக்கு இப்போது கணக்கைச் சொல்ல விருப்பமில்லை என்றால் அடம்பிடிக்க வேண்டாம். உங்கள் சில்லறைச் செலவை மட்டும் நீங்கள் எழுத ஆரம்பியுங்கள். பார்த்துவிட்டு அவர்களே வந்து உட்காருவார்கள். பணக் கவலையை உங்கள் தலையில் ஏற்றுவதற்காகச் சொல்லவில்லை. அது பெரியவர்கள் பொறுப்பு. கூட இருப்பதுதான் உங்கள் வேலை.

அது சரி, அந்தத் தம்பி கொடைக்கானல் போனானா? பத்து மாதம் கழித்து உண்டியலை உடைத்தபோது, "உன் சுற்றுலாவுக்கு இருக்குப்பா" என்றார் அப்பா. தம்பி நோட்டைப் புரட்டிக் கணக்குப் போட்டுவிட்டுச் சொன்னான்: "நான் மட்டும் போனா 800. அரசு பஸ்ல, கட்டுச்சோறு கட்டிட்டுப் போனா, இந்தக் காசுல நாம அஞ்சு பேருமே போயிட்டு வரலாம்ப்பா!"

மூளைக்கு வேலை: ஒருவர் 20,000 ரூபாயை 'மூணு வட்டிக்கு' வாங்கி, ஒரு வருடம் வட்டி மட்டும் கட்டினால், கட்டிய வட்டி எவ்வளவு? மிச்சமிருக்கும் அசல் எவ்வளவு?

(விடை: மாதம் ரூ.600 வீதம் வட்டி ரூ.7,200. அசல் ரூ.20,000 அப்படியே பாக்கி!)